சங்க வண்டியின் விளக்குகள்: சரியான மாற்றுப் பல்பைத் தேர்ந்தறியும் முறை

கூட்டுறவுச் சங்கத்திற்கு மோட்டார் வண்டி என்பது ஆடம்பரப் பொருளன்று. எப்போதும்வென்றான் வட்டாரத்துக் கரிசல் நிலங்களில் விளையும் மிளகாய் வற்றலும், உளுந்தும், பாசிப்பயறும், கம்பும், மக்காச்சோளமும், பருத்தியும் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ போய்ச் சேர வேண்டும். நெசவாளர் சங்கங்களுக்கு நூற்சிப்பங்கள் வர வேண்டும். நெய்து முடித்த துணிக்கட்டுகள் போக வேண்டும். இந்த வேலைகளை முன்னர் மாட்டு வண்டி செய்தது. இன்று பிக்கப் வண்டி செய்கிறது. பொலிரோ பிக்கப், தோஸ்த், மக்கள் ‘குட்டியானை’ என்று செல்லமாக அழைக்கும் டாடா ஏஸ் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பல சங்கங்களின் வாயிலில் நிற்கக் காண்கிறோம்.

இவ்வண்டிகள் பெரும்பாலும் இருளில்தான் ஓடுகின்றன. சரக்கு மாலையில் எடை போடப்படுகிறது, இரவில் ஏற்றப்படுகிறது, விடியுமுன் சந்தைக்குப் புறப்படுகிறது. நம் வட்டாரத்து வண்டி ஏறிச் செல்லும் மதுரை–தூத்துக்குடி நான்கு வழிச் சாலையிலோ துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அந்தச் சாலையில் சங்க வண்டியின் வலப்பக்கப் பின்விளக்கு அணைந்திருந்தால், பின்னால் வரும் லாரி டிரைவருக்கு அது இடது ஓரமாகச் செல்லும் ஒரு மோட்டார் சைக்கிளாகவே தோன்றும். அவர் விலகுகிற அளவும் மோட்டார் சைக்கிளுக்குரிய அளவாகவே இருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. சில பத்து ரூபாய் விலையுள்ள ஒரு பல்பின் மீது டிரைவரின் உயிரும், சுமை ஏற்றி உடன் செல்லும் அங்கத்தினரின் உயிரும், ஒரு பருவத்து விளைச்சலும் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பது மிகைக் கூற்றன்று.

சங்கங்களின் செலவுச் சீட்டுகளைப் பரிசீலிக்கையில் ‘பல்பு 2, ரொக்கம்’ என்ற ஒரே வரியை மாதந்தோறும் காண நேருகிறது. எந்தப் பல்பு, எத்தனை வோல்ட், எத்தனை வாட், எந்த விளக்கில் பொருத்தப்பட்டது என்ற விவரம் இருப்பதில்லை. நெசவாளர் எவரும் நம்பர் கேளாமல் நூல் வாங்குவதில்லை. விவசாயி எவரும் ரகம் கேளாமல் விதை வாங்குவதில்லை. பல்பை மட்டும் ‘ஒரு பல்பு கொடுங்கள்’ என்று வாங்குவது ஏன்? அதற்கும் நம்பர் உண்டு, ரகம் உண்டு. அவற்றை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. முதலில் அறிய வேண்டியது: கெட்டது பல்புதானா?

விளக்கு எரியவில்லை என்றவுடன் பல்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்யலாகாது. கீழ்க்கண்ட வரிசையில் பார்த்துவருவது நலம்.

(அ) பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். உள்ளே இருக்கும் மெல்லிய டங்ஸ்டன் இழை அறுந்திருந்தால் அல்லது கண்ணாடி கறுத்திருந்தால் பல்பு முடிந்துவிட்டது. இழை முழுதாகத் தோன்றினாலும் ஐயமிருந்தால், வண்டியின் மறுபக்கத்தில் நன்றாக எரியும் அதே வகைப் பல்பை இங்கே மாற்றிப் போட்டுப் பார்ப்பதே எளிய சோதனை.

(ஆ) நல்ல பல்பும் எரியவில்லையானால் பியூஸைப் பார்க்கவும். பியூஸ் பெட்டியின் மூடியில் எந்தப் பியூஸ் எந்த விளக்குக்கு என்று குறித்திருக்கும். தட்டைப் பியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20 ஆம்பியர். சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பையே போட வேண்டும். சிகரெட் உறைத் தாளையோ ஒயர்த் துண்டையோ வைத்துக் கட்டுவது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

(இ) பியூஸும் சரியாயிருந்தால் ஹோல்டரைப் பார்க்கவும். தூத்துக்குடி உப்பளங்களின் காற்றுப் படும் வண்டிகளிலும், மழைக்காலத்தில் கரிசல் சேறு அப்பிய வண்டிகளிலும் ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு படிவது சகஜம். களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். அதை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து நீக்கிவிட்டு, விளக்கு மூடியின் ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ரப்பரை மாற்றாமல் பல்பை மட்டும் மாற்றினால் அடுத்த மழையில் அதே கதைதான்.

(ஈ) பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால், அல்லது ஒரு விளக்கைப் போட்டால் மற்றொன்று மினுக்கினால், அது பல்பின் குற்றமன்று. எர்த் ஒயர் தளர்ந்திருக்கிறது. மின்சாரம் திரும்பிச் செல்ல வேறு பல்பின் வழியைத் தேடுகிறது என்று அறியலாம்.

2. பல்பின் ஜாதகம்

பல்பின் உலோக அடியிலோ கண்ணாடியிலோ சிறிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எந்த ஊர்க் கடையிலும் ஏமாற வேண்டியதில்லை. பார்க்க வேண்டிய விவரங்கள் ஐந்து.

வோல்ட்: பிக்கப் வண்டிகள் 12 வோல்ட் பாட்டரியில் இயங்குபவை. பெரிய லாரிகளும் பஸ்களும் 24 வோல்ட்டில் இயங்குபவை. நெடுஞ்சாலைக் கடைகளில் இருவகைப் பல்புகளும் ஒரே அலமாரியில் இருக்கும், உருவமும் ஒன்றே. 24 வோல்ட் பல்பைப் பிக்கப்பில் போட்டால் மங்கலாய்ச் செந்நிறமாக எரியும். ‘பாட்டரி இறங்கிவிட்டது’ என்று நினைத்துப் பாட்டரிக்குச் செலவு செய்வாரும் உண்டு.

வாட்: பல்பு எவ்வளவு மின்சாரத்தைச் செலவிடும் என்பதைக் காட்டும் எண்.

அடிப்பாகம்: ஹோல்டரில் பொருந்தும் பகுதி. ‘பிஏ15எஸ்’ என்றால் 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள, ஒரே ஒரு தொடுமுனை கொண்ட அடி. ‘பிஏஒய்15டி’ என்றால் அதே விட்டம், இரு தொடுமுனைகள், பக்கவாட்டுக் குமிழ்கள் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருப்பவை. ‘பிஏயூ15எஸ்’ என்றால் குமிழ்கள் நேர் எதிரில் இல்லாமல் சற்றுக் கோணலாக அமைந்தவை. கடைக்காரர்கள் இவற்றைச் சிங்கிள் காண்டாக்ட், டபுள் காண்டாக்ட் என்று சொல்வர்.

இழை: ஒன்றா, இரண்டா என்பது.

நிறம்: கண்ணாடி வெள்ளையா, ஆரஞ்சு மஞ்சளா என்பது.

இந்த வகைப் பெயர்கள் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. 1958ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஏற்பட்ட ஐக்கிய நாடுகள் வாகன ஒப்பந்தத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் 37ஆம் விதி இழைப் பல்புகளைப் பற்றியது. அதன்படி அங்கீகாரம் பெற்ற பல்பில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஆகவே கோவில்பட்டியில் வாங்கும் எச்4 பல்பும் கொழும்பில் வாங்கும் எச்4 பல்பும் ஒரே அளவினவாய் அமைகின்றன.

3. எந்த விளக்குக்கு எந்தப் பல்பு?

வண்டிக்கு வண்டி மாறுபாடு உண்டாதலால், வண்டியுடன் வந்த கையேடும் கழற்றிய பழைய பல்பும் சொல்வதே இறுதி முடிவு. ஆயினும் நம் சாலைகளில் ஓடும் பிக்கப்களில் பெரும்பாலும் காணப்படும் வகைகள் பின்வருவன:

முகப்பு விளக்கு: எச்4 வகை, 12 வோல்ட், 60/55 வாட், இரண்டு இழை.
பின் விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்பாக இருப்பின்: பி21/5டபிள்யூ வகை, 21/5 வாட், இரண்டு இழை, குமிழ் உயரம் மாறியது.
பிரேக்குக்குத் தனி விளக்கு, பின்னோட்ட விளக்கு: பி21டபிள்யூ வகை, 21 வாட், ஓர் இழை.
இண்டிகேட்டர்: மூடி ஆரஞ்சு நிறமாயின் வெள்ளைப் பி21டபிள்யூ, மூடி வெள்ளையாயின் ஆரஞ்சுக் கண்ணாடியுள்ள பிஒய்21டபிள்யூ.
முன் பார்க்கிங் விளக்கு: டபிள்யூ5டபிள்யூ வகை, 5 வாட், உலோக அடியில்லாத கண்ணாடிப் பல்பு.
நம்பர் பலகை விளக்கு: 5 வாட், சில வண்டிகளில் கண்ணாடி அடி, சிலவற்றில் உலோக அடி.

புதிய மாதிரிகள் சிலவற்றில் எல்.இ.டி. விளக்கு முழு அமைப்பாகவே வருகிறது. அதில் பல்பை மட்டும் மாற்ற இயலாது. அமைப்பையே மாற்ற வேண்டும்.

4. ‘சேர்ந்துவிட்டது’ என்பதால் சரியாகிவிடாது

அங்கத்தினர்கள் மனத்திற் பதிக்க வேண்டிய தலையாய விஷயம் இதுவே. ஹோல்டரில் ஒரு பல்பு பொருந்துவதும், அது அந்த இடத்திற்கு உரியதாயிருப்பதும் வெவ்வேறு. மூன்று உதாரணங்கள் காண்போம்.

முதலாவது: உலோக அடியுள்ள 5 வாட் பல்பு, 10 வாட் பல்பு, 21 வாட் பல்பு ஆகிய மூன்றும் ஒரே பிஏ15எஸ் அடியில் வருகின்றன. 5 வாட்டுக்கு அமைந்த சிறு விளக்கில் 21 வாட் பல்பைப் போட்டால் ஒளி பிரமாதமாக இருக்கும். சில இரவுகளில் பிளாஸ்டிக் மூடி உருகிவிடும்.

இரண்டாவது: பின்விளக்கின் 21/5 வாட் பல்பில் 5 வாட் இழை எப்போதும் எரிவது, 21 வாட் இழை பிரேக் மிதிக்கும்போது எரிவது. குமிழ்களை வேறுவேறு உயரத்தில் வைத்திருப்பதே இது தலைகீழாய்ப் பொருந்தாதிருக்கத்தான். ஆனால் தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருகினால் தலைகீழாகவும் எப்படியோ நின்றுவிடும். அப்போது பின்விளக்கு பிரேக் விளக்கைப்போல் எப்போதும் பளிச்சென்று எரியும்; பிரேக்கை மிதித்தால் 5 வாட் இழை மட்டும் கூடுதலாக எரியும். பின்னால் வருபவருக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது: இதே இரட்டை முனை ஹோல்டரில் ஒற்றை முனைப் பல்பை வலிந்து பொருத்தினால், அதன் ஒற்றை முனை ஹோல்டரின் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிடும். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்குகளும் டாஷ்போர்டு விளக்குகளும் எரியும். இரவில் பின்விளக்குப் போட்டால் பிரேக் விளக்குகளும் நிரந்தரமாக எரியும். வண்டி நிற்கப்போகிறது என்ற அறிவிப்பே இல்லாமற்போகும். இதைக் காணும் டிரைவர் ‘ஒயரிங் கெட்டுவிட்டது’ என்று எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விடுவார். குற்றமோ பல்பில் இருக்கும்.

5. முகப்பு விளக்கைப் பற்றிச் சிறிது விரிவாக

ஹாலஜன் வாயுவைப் பயன்படுத்தும் மோட்டார் பல்பு 1962இல் ஐரோப்பாவில் வந்தது. அது ஓரிழை உடையது. தூர ஒளி, தாழ்ஒளி இரண்டையும் ஒரே பல்பில் தரும் எச்4 1971இல் வந்தது. அதன் உட்புறத்தை உற்றுப் பார்த்தால், தாழ்ஒளி இழையின் அடியில் சிறு கரண்டிபோல் ஓர் உலோகத் தகடு இருக்கும். கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அது மறைத்துவிடுவதால், ஒளி பிரதிபலிப்பானின் மேற்பாதியில் மட்டும் பட்டுச் சாலையை நோக்கித் தாழ்ந்து விழுகிறது. பல்பின் வட்டத் தகட்டில் மூன்று நாக்குகள் உள்ளன. மேல் நாக்கு மட்டும் அகலமானது. அகல நாக்கு அதற்குரிய பள்ளத்தில் அமர்ந்து, கம்பிப் பிடிப்பு நன்றாக மாட்டினால்தான் கரண்டித் தகடு சரியான நிலையில் நிற்கும். பல்பு சற்றே சாய்ந்திருந்தாலும் தாழ்ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும்.

‘வெளிச்சம் போதவில்லை, 100/90 வாட் போடுங்கள்’ என்று சொல்லும் கடைக்காரர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 60 வாட் பல்புக்கு 5 ஆம்பியர். இரண்டுக்கு 10 ஆம்பியர். 100 வாட் பல்புக்கு 8.3 ஆம்பியர், இரண்டுக்கு ஏறக்குறைய 17 ஆம்பியர். ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுமாதலால், அதே ஒயர் முன்னைவிட ஏறத்தாழ 2¾ மடங்கு சூடேறும். பல்பின் பின்னுள்ள பிளக் கருகுவதும், சுவிட்சு தீய்வதும் இதனாலேயே. வெளிச்சம் உண்மையில் குறைவாயிருந்தால் முதலில் கண்ணாடியில் படிந்த கரிசல் தூசியைக் கழுவவும். பிறகு மங்கிய பிரதிபலிப்பானையும், எர்த்தையும், பாட்டரியையும் பார்க்கவும்.

இழைப் பல்புக்குரிய முகப்பு விளக்கில் எல்.இ.டி. பல்பை மாட்டுவதும் பரவியுள்ளது. பிரதிபலிப்பான் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் உள்ள இழைக்கென வளைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் சிறிது மாறினாலும் கற்றை சிதறும். டிரைவருக்கு அருகில் வெள்ளை வெளேரென்றும், எதிரே ஆட்டுக் கிடையை ஓட்டி வரும் கீதாரிக்குக் கண் இருண்டும் போகும். இண்டிகேட்டரில் எல்.இ.டி. போட்டாலோ, அது மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால், பல்பு ஒன்று கெட்டுவிட்டதைப்போல இண்டிகேட்டர் படபடவென்று துடிக்கும். முறையான துடிப்பு நிமிடத்திற்கு 60 முதல் 120 முறைதான்.

6. வாங்குதலும் பொருத்துதலும்

பழைய பல்பைக் கையில் எடுத்துச் செல்லாமல் கடைக்குப் போகலாகாது. கடையில் இப்படிக் கேட்கலாம்: “அண்ணாச்சி, பன்னிரண்டு வோல்ட், இருபத்தொன்றுக்கு ஐந்து வாட், டபுள் காண்டாக்ட், குமிழ் ஏற்ற இறக்கமானது, அங்கீகார முத்திரை உள்ளதாகக் கொடுங்கள்.” பெற்றவுடன் இரண்டையும் அருகருகே வைத்து ஐந்து விவரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

பொருத்தும்போது விளக்கை அணைத்து, பல்பு ஆறிய பின் கழற்றவும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம், எரியும்போது மிகுதியாகச் சூடேறிக் கண்ணாடியைக் கெடுக்கும். தறியில் விழும் சுத்தமான வெட்டுத்துணி ஒன்று போதும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தோய்த்துத் துடைத்துவிடலாம்.

முகப்புப் பல்பு மாற்றியபின், சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தூரத்தில் வண்டியை நிறுத்தித் தாழ்ஒளி போட்டுப் பார்க்கவும். ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் மத்திய உயரத்தைவிட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். இச்சோதனையை மூட்டைகள் ஏற்றிய நிலையிலும் செய்ய வேண்டும். பின்பாரத்தால் வண்டியின் முகம் நிமிர்ந்து, வெறும் வண்டியில் சரியாயிருந்த ஒளி பாரவண்டியில் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறிவிடும். ஒளியைத் தாழ்த்தும் சிறு சக்கரம் டாஷ்போர்டில் இருந்தால், பாரம் ஏற்றியவுடன் அதைத் திருப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

7. சட்டம் கூறுவது

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 105ஆம் விதி விளக்குகளைப் பற்றியது. முகப்பு விளக்குகள் எதிரே 155 மீட்டர் தூரத்திலுள்ள ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும். பின்னால் செல்லும் செவ்வொளி 155 மீட்டர் தூரத்திற்குத் தெரிய வேண்டும். நம்பர் பலகை வெள்ளொளியில் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கக்கூடியதாயிருக்க வேண்டும். இவற்றைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒருவர் வண்டியிலிருக்க, மற்றொருவர் பின்னால் நடந்து சென்று பார்த்தால் போதும்.

8. பதிவேடு ஒரு வைத்தியர்

சங்கம் செய்ய வேண்டிய ஏற்பாடு எளியது. ஒரு நோட்டில் ஏழு பத்திகள் கிழித்துக்கொள்ளவும்: தேதி, விளக்கின் இடம், பல்பின் வகை, வோல்ட்டும் வாட்டும், கிலோமீட்டர் எண், விலை, பழைய பல்பு ஒப்படைத்ததற்குக் கையொப்பம். செலவுச் சீட்டில் ‘பல்பு 1’ என்று எழுதாமல் ‘12 வோல்ட் 21/5 வாட் பல்பு 1, வலப் பின்விளக்கு’ என்று எழுதவும்.

இது தணிக்கைக்காக மட்டும் சொல்வதன்று. ஓராண்டு கழித்து அந்த நோட்டைப் புரட்டினால் வண்டியின் நோய் தெரியும். இடப் பின்விளக்குக்கு நான்கு பல்பும் வலப் பின்விளக்குக்கு ஒன்றும் இல்லையென்றால், குற்றம் இடப்பக்க ஹோல்டரிலோ அதன் அதிர்விலோ இருக்கிறது. எல்லா இடத்திலும் பல்புகள் சீக்கிரம் போகின்றன என்றால், ஆல்டர்னேட்டர் மிகை வோல்ட் கொடுக்கிறது என்று ஐயுற வேண்டும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் இருப்பது முறை. 15ஐத் தாண்டுமானால் கோளாறு. வோல்ட் நூற்றுக்கு ஐந்து கூடினாலே இழைப் பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இந்நிலையில் பல்பு வாங்கிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதாகும்.

வண்டியில் ஒரு சிறு தகரப்பெட்டியில் முகப்புப் பல்பு ஒன்று, ஒவ்வொரு பின்வகையிலும் இரண்டு, 5 வாட் இரண்டு, உரிய பியூஸ்கள் ஆகியவற்றைத் துணியில் சுற்றி வைத்திருக்க வேண்டும். அறுவடை தொடங்கும் தை மாதத்திற்கு முன் நிர்வாகக் குழுவினர் ஒரு மாலை இவ்விளக்குகளை எல்லாம் ஒருமுறை பார்வையிட்டால், பருவம் முழுதும் வண்டி நிம்மதியாக ஓடும்.

இறுதியாக ஒன்று. சங்க வண்டிக்கு உரிமையாளர் ஒருவரல்லர்; அங்கத்தினர் அனைவரும் உரிமையாளர். எல்லாருடைய வண்டி என்பதால் எவரும் பாராத வண்டியாக அது ஆகிவிடக் கூடாது. சரக்கு ஏற்ற வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், புறப்படுமுன் வண்டியின் பின்னால் நின்று, “பிரேக்கை மிதியுங்கள், பார்ப்போம்” என்று டிரைவரிடம் சொல்லலாம். அரை நிமிட வேலை; அவ்வுரிமை அவருக்கு உண்டு, அக்கடமையும் உண்டு.

வாசிப்பு வட்டங்களுக்குரிய வினாக்கள்

1. 24 வோல்ட் பல்பைப் பிக்கப் வண்டியில் போட்டால் என்ன நிகழும்? ஏன்?
2. பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு விளக்கு எரிகிறது. முதலில் எதைச் சோதிப்பீர்கள்?
3. 21 வாட் பல்பு 5 வாட் விளக்கில் பொருந்துகிறது. பொருத்தலாமா? காரணம் கூறுக.
4. 12 வோல்ட்டில் 90 வாட் பல்புகள் இரண்டு எடுக்கும் ஆம்பியர் எவ்வளவு?
5. உங்கள் சங்க வண்டியின் ஒவ்வொரு விளக்குக்கும் உரிய பல்பு வகையைக் கண்டறிந்து ஒரு பட்டியல் தயாரித்துச் சங்க அலுவலகத்தில் ஒட்டுக.